மெட்ரோ வாட்டர் பழையபடி வர ஆரம்பிச்சா, சம்ப்பை ரொப்புறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது

2019 கோடையில சென்னை பட்ட பாடு இங்க இருந்தவங்க யாருக்கும் மறந்திருக்காது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் சேர்ந்தா 11,257 மில்லியன் கன அடி பிடிக்கும், ஜூன் மாசம் அதுல ஒரு சதவீதம் கூட இல்ல. தினம் 830 மில்லியன் லிட்டர் குடுத்துட்டு இருந்த மெட்ரோ வாட்டர், அதாவது சென்னை குடிநீர் வாரியம், 525க்கு இறங்கிடுச்சு, ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் ரயில்லயே வந்துச்சு. அப்புறம் செப்டம்பர் கடைசியில ஆந்திராவுல இருக்கிற கண்டலேறு அணையிலருந்து கிருஷ்ணா தண்ணி வந்து, மழையும் பிடிச்சு, அக்டோபர்ல ரயிலை நிறுத்திட்டாங்க, குழாய்லயும் மெல்ல மெல்ல தண்ணி வர ஆரம்பிச்சுச்சு.

அந்த மாதிரி கட்டுப்பாடு தளர்ந்து தண்ணி திரும்ப வர்ற முதல் வாரம்தான் ரொம்ப கவனமா இருக்க வேண்டிய வாரம்னு நான் நினைக்கிறேன், ஆனா அப்பதான் யாரும் கவனிக்கிறதில்ல, குழாய்ல சத்தம் கேட்டதும் இருக்கிற குடம் பக்கெட் எல்லாம் எடுத்துட்டு ஓடுறோம், தரைக்கு அடியில இருக்கிற தண்ணித் தொட்டியான சம்ப்போட மூடியை திறந்து கூட பார்க்காம ரொப்பிடுறோம்.

ஏன் கவனமா இருக்கணும்னா, ரோட்டுக்கு அடியில போற பைப்பு மாசக்கணக்கா பாதி நேரம் காலியா கிடந்திருக்கு. பைப்புல பிரஷர் இருக்கிற வரைக்கும் ஓட்டை இருந்தாலும் தண்ணி வெளியதான் போகும், காலியா இருந்தா பக்கத்துல போற சாக்கடை உள்ள வந்துடும். உள்பக்கம் படிஞ்ச துருவும் மண்ணும் வேற, திடீர்னு வேகமா தண்ணி வரும்போது மொத்தமா அடிச்சுட்டு வரும். அதனால முதல் தடவை தண்ணி வரும்போது சம்ப்புக்கு போற வால்வை மூடி வச்சுட்டு, அடி பம்பு இருந்தா அதுலயே அடிச்சு, இல்லனா லைன்ல முதல்ல இருக்கிற குழாயை திறந்து பக்கெட்ல பிடிங்க. கலங்கல் போற வரைக்கும் பிடிக்கிற தண்ணியை கீழ ஊத்த வேணாம், செடிக்கும் வாசல் கழுவவும் ஆகும். ஒரு கண்ணாடி டம்ளர்ல பிடிச்சு வெளிச்சத்துல பாருங்க, மோந்து பாருங்க. லேசா குளோரின் வாசனை வந்தா நல்லது, சாக்கடை வாடை வந்தா அன்னைக்கு சம்ப்பு வால்வை திறக்கவே வேணாம், மெட்ரோ வாட்டர் புகார் எண் 044-4567 4567க்கு போன் போட்டு புகார் பதிவு பண்ணுங்க. நிறம் தெளிஞ்சாலும் முதல் ஒரு வாரம் குடிக்கிற தண்ணியை கொதிக்க வச்சு குடிக்கிறதுதான் சரி.

லைன்ல நேரா மோட்டார் போட்டு உறியறதை தயவுசெஞ்சு நிறுத்துங்க. சட்டப்படி தப்புங்கிறது ஒரு பக்கம், நீங்க உறியும்போது தெருவுல எங்க ஓட்டை இருந்தாலும் அந்த சாக்கடையும் சேர்ந்து வரும், உங்க வீட்டுக்கும் வரும், அடுத்த வீட்டு குழந்தைக்கும் வரும்.

அடுத்தது சம்ப். லாரி தண்ணி மாத்தி மாத்தி ஊத்தினதுல அடியில வண்டல் ஒரு படுகையாவே நிக்கும். மூடியை திறந்து நாலஞ்சு மணி நேரம் காத்தாட விடுங்க. மோட்டாருக்கு போற மெயினை ஆஃப் பண்ணுங்க, சுவிட்ச் மட்டும் போதாது. ரொம்ப நாள் மூடி கிடந்த சம்ப்புக்குள்ள மூச்சு விட காத்து இருக்காது, தனியா ஒருத்தரை இறக்கவே கூடாது, வேலைக்கு கூப்பிட்டவரா இருந்தாலும் அதே தான், மேல ஒரு ஆள் நின்னு பேச்சு குடுத்துட்டே இருக்கணும். உள்ள ஆசிட் போடாதீங்க, பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தா விஷ வாயு வரும். தேங்கா நார் பிரஷ்ல தேய்ச்சு கழுவி, வண்டலை அள்ளிட்டு, சுவரை நல்லா பாருங்க. அப்பப்ப காஞ்சு கிடந்த சிமெண்ட் பூச்சுல மயிர் மாதிரி விரிசல் விழுந்திருக்கும், ஒரு மூலையில மட்டும் ஈரம் கசிஞ்சு கறுப்பா இருந்தா பக்கத்து செப்டிக் டேங்கோ டிரெயினேஜோ உள்ள வருதுனு அர்த்தம். அதை பூசாம தண்ணி விடாதீங்க.

பூசி காஞ்சதும் ரொப்பிட்டு, ராத்திரி மோட்டாரும் போடாம தண்ணி வர்ற வால்வையும் மூடிட்டு, தண்ணி மட்டத்துல சாக்பீஸ்ல கோடு போடுங்க. காலையில கோட்டுக்கு கீழ இறங்கி இருந்தா இன்னும் ஒழுகுது.

குளோரின் விஷயத்துல நிறைய பேர் கைப்பிடி கணக்குல போடுறாங்க. நல்ல பிளீச்சிங் பவுடர்னா 1000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும், கிட்டத்தட்ட அரை டீஸ்பூன். ஒரு மக் தண்ணியில கரைச்சு, சுண்ணாம்பு அடியில தங்கினதும் மேல தெளிஞ்சதை மட்டும் ஊத்துங்க, அரை மணி நேரம் கழிச்சு எடுங்க. பாக்கெட் பிரிச்சு பல மாசம் ஆன பவுடர்ல வீரியம் இருக்காது, புதுசா வாங்கிக்கோங்க.

மாடி டேங்க்கும் இதே மாதிரி கழுவணும், அது சுலபம். அப்புறம் கீழ்தளத்து குழாயிலருந்து ஒவ்வொண்ணா மெதுவா திறந்து காத்து வெளிய போக விடுங்க, கீசரை அதுக்கு அப்புறம்தான் போடணும், வாஷிங் மெஷின் தண்ணி பைப்புல இருக்கிற சின்ன வலையை கழட்டி மண்ணை தட்டிடுங்க.

தண்ணி பக்கெட்ல ஊத்துன காலத்துல ஃப்ளஷ் டேங்க் யாரும் தொட்டிருக்க மாட்டோம், உள்ள இருக்கிற ரப்பர் காஞ்சு போயிருக்கும். டேங்க்ல நாலு சொட்டு நீலம் விட்டு இருபது நிமிஷம் ஃப்ளஷ் பண்ணாம விடுங்க, கீழ கோப்பையில நீலம் இறங்கினா ரப்பரை மாத்துங்க. சத்தமே இல்லாம ராத்திரி பூரா ஓடிட்டு இருக்கிற தண்ணி அது.

கிணறு, போர் வச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், குழாய்ல தண்ணி வந்துடுச்சுனா நிலத்தடியிலயும் வந்துடுச்சுனு அர்த்தமில்ல. ஏரி ஒரு மழையில ரொம்பும், நிலத்துக்குள்ள இறங்க நாளாகும், பெசன்ட் நகர் திருவான்மியூர் மாதிரி கடலோரத்துல அவசரப்பட்டு உறிஞ்சா உப்புதான் ஏறும். மெட்ரோ தண்ணி வர்ற நாள்ல போர் மோட்டாரை போடாம விட்டு வைங்க. ஆர்ஓ கழிச்சு விடுற தண்ணியை பிடிச்சு வீடு துடைக்கிறது, துணி அலசின தண்ணியை டாய்லெட்டுக்கு ஊத்துறது, இதெல்லாம் கோடையில கஷ்டப்பட்டு பழகினது, தண்ணி வந்ததும் விட்டுடாதீங்க.

மழைநீர் சேகரிப்பு 2003லருந்தே எல்லா கட்டடத்துக்கும் கட்டாயம், ஆனா எத்தனை வீட்ல அந்த குழியில மண்ணு அடைச்சு கிடக்குதுனு நீங்களே திறந்து பாருங்க. 1000 சதுர அடி மொட்டை மாடியில 10 மில்லிமீட்டர் மழை பெஞ்சாலே 900 லிட்டருக்கு மேல விழுது, ஓடி வீணாப்போறதை கழிச்சாலும் 700 லிட்டர் கிடைக்கும். மாடியை கூட்டி, பைப்பு வாயில சிக்கின இலையை எடுத்து, குழியில இருக்கிற ஜல்லியையும் மணலையும் வெளிய எடுத்து அலசி திரும்ப போடுங்க, பருவமழை அக்டோபர் நடுவுல ஆரம்பிக்கும்னா செப்டம்பர்லயே முடிச்சுடுங்க, மழை விழுந்த அப்புறம் ஆள் கிடைக்க மாட்டாங்க.