விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய பிராசஸரில் அதை ஏற்றுவது எப்படி?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. 11-க்குப் போகலாமென்றால், இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள எதையும் அது சேர்ப்பதில்லை. அக்கா கடையில் இருப்பது ஆறாம் தலைமுறை ஐ5-6500. எட்டு ஜிபி ராம், எஸ்எஸ்டி, பில் போட தாராளமாகப் போதும். அதில் இப்போது 11 ஓடுகிறது.

முதலில் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் ரெகவரி கீயைத் தாளில் எழுதிவைத்துவிட்டு பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள் (சஸ்பெண்ட்).

விண்டோஸ் 11-ஐ ஏற்றுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். யாரோ வெட்டிக் குறைத்து ‘லைட்’ என்று சுற்றவிடும் ஐஎஸ்ஓக்களை பேங்க் வேலை பார்க்கும் கணினியில் ஏற்றவே கூடாது.

இறக்கும்போது மொழியைக் கவனியுங்கள், பலர் மாட்டுவது இங்கேதான். செட்டிங்ஸில் டிஸ்பிளே லாங்குவேஜ் ‘யுனைடெட் கிங்டம்’ என்றிருந்தால் ‘இங்கிலீஷ் இன்டர்நேஷனல்’ ஐஎஸ்ஓ வேண்டும். ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்றிருந்தால் வெறும் ‘இங்கிலீஷ்’. மாறிப்போனால், ஏற்றும்போது வரும் திரையில் ‘கீப் பர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்’ என்ற தேர்வு மங்கலாகிவிடும். கோப்புகள் தப்பினாலும் டேலி, தமிழ் தட்டச்சு மென்பொருள் எல்லாம் போய்விடும். அந்தத் திரையில் அது தேர்வாகாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஐஎஸ்ஓவை பென்டிரைவில் ஏற்றித் தயாரிக்க ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள்தான் என் தேர்வு, 4.6 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். ஸ்டார்ட் அழுத்தியதும் வரும் பெட்டியில் டிபிஎம் (பாதுகாப்பு சிப்), செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போதான பாதுகாப்புச் சோதனை) நிபந்தனைகளை நீக்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள். பிறகு, பென்டிரைவிலிருந்து பூட் செய்யாமல், விண்டோஸ் 10 ஓடும்போதே அதிலுள்ள செட்அப்பை இயக்குங்கள். பூட் செய்தால் பழைய மென்பொருட்களை வைத்துக்கொள்ள வழியே கிடையாது. அப்டேட் தேடட்டுமா என்று கேட்டால் ‘நாட் ரைட் நவ்’ கொடுங்கள்.

பிடிக்கவில்லையென்றால் பத்து நாளுக்குள் ரெகவரி பகுதியில் ‘கோ பேக்’ கொடுத்து 10-க்குத் திரும்பலாம்.

பின்சேர்க்கை: இன்னும் பழைய இன்டெல் பிராசஸரான கோர் 2 டுவோவில் முடியுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். முடியாது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ 4.2, பாப்கவுண்ட் ஆகிய கட்டளைகள் பிராசஸரிலேயே இருந்தாக வேண்டும். இல்லையென்றால் பூட்டே ஆகாது, ரூஃபஸாலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் கணினிகளுக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள்.

மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்கள் அக்கா கடைக் கணினிக்கு வருகின்றன. ஆனால் இப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் தரும் பொறுப்பு தங்களுக்கு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது. புது ஐஎஸ்ஓவோடு இதே வேலையை மறுபடி செய்ய வேண்டும்.