இடுப்பில் கட்டிய கீமோ பாட்டில்: குளுக்கோஸ் என்று நினைத்துச் செய்கிற தவறுகள்

என் வீட்டுக்காரருக்குப் பெருங்குடலில் புற்றுநோய். 14 நாளுக்கு ஒரு கீமோ. டே கேரில் சில மணி நேரம் மருந்து ஏற்றிவிட்டு, 5 எஃப்.யூ. என்ற மருந்தை ஒரு பாட்டிலில் நிரப்பி, நெஞ்சுத் தோலுக்கடியில் வைத்திருக்கும் போர்ட்டில் (ரத்தக் குழாய்க்கு மருந்து ஏற்றும் சின்ன வாசல்) மாட்டி அனுப்பிவிடுவார்கள். 46 மணி நேரம் அது மெல்ல மெல்ல இறங்கும். பால்புட்டி அளவுதான் இருக்கும். இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு திருவனந்தபுரத்தில் பஸ் ஏறினால் மார்த்தாண்டம் வந்துவிடலாம். 1956-ல் நம் கன்னியாகுமரித் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும், பெரிய நோய் என்றால் நாம் வண்டி ஏறுவது கேரளப் பக்கம்தானே.

முதல் தடவை நாங்கள் செய்த தவறெல்லாம் அதை குளுக்கோஸ் பாட்டில் மாதிரி நினைத்ததால் வந்தவை.

குளுக்கோஸ் என்றால் உயரத்தில் தொங்கும். அன்று மாலை பாத்ரூமில் எட்டிப் பார்க்கிறேன், சட்டை மாட்டும் ஆணியில் பாட்டிலைத் தொங்கவிட்டு, ஈரத்துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். இதற்குள் இருப்பது ரப்பர் பலூன். அது சுருங்குகிற அழுத்தம்தான் மருந்தைத் தள்ளுகிறது. பேட்டரி கிடையாது, சத்தமும் வராது. போர்ட் இருக்கிற உயரத்தை ஒட்டியே பாட்டில் இருக்க வேண்டும். மேலே தூக்கினால் வேகம் கூடும், தரையில் வைத்தால் குறையும். படுக்கும்போது பக்கத்திலேயே மெத்தைமேல் கிடக்கட்டும்.

குளுக்கோஸில் சொட்டு தெரியும், இதில் தெரியாது. ஓடவில்லையோ என்று பயந்து நான் அமுக்கிப் பார்த்தேன். அமுக்கக் கூடாது, தட்டவும் கூடாது. முதல் சில மணி நேரத்தில் பலூன் சுருங்குவது கண்ணுக்குப் படாது. ராத்திரி ஒன்று, காலையில் ஒன்று என்று போனில் ஒரே கோணத்தில் படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். காலையிலும் அப்படியே இருந்தால், கிளாம்ப் (டியூபை அடைக்கும் கிளிப்) மூடியிருக்கிறதா, டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வார்டுக்குப் போன் போடுங்கள். மாறாக, ஒரே நாளில் காலியானாலும் காத்திருக்கக் கூடாது, உடனே கூப்பிட வேண்டும். ஓரிரு மணி நேரம் முன்னே பின்னே ஆவது சகஜம்.

டியூபின் வழியில் ஒரு குட்டி பிளாஸ்டிக் துண்டைத் தோலோடு ஒட்டியிருப்பார்கள். அரிக்கிறது என்று அதைப் பிரித்துவிடாதீர்கள். தோலின் சூட்டைக் கணக்கு வைத்துத்தான் மருந்தின் வேகத்தையே அமைத்திருக்கிறார்கள். அதன்மேல் சுடுநீர் ஒத்தடம் வேண்டாம், பஸ்ஸில் வெயிலடிக்கிற ஜன்னலோரமும் வேண்டாம்.

“மருந்து தீந்தா காத்து ஏறிருமே மக்களே” என்று அத்தை சொல்ல, தீரும் முன்பே கிளாம்பை மூடப் போனேன். நல்லவேளை, நர்ஸிடம் போனில் கேட்டேன். “பேடிக்கண்டா சேச்சி” (பயப்படாதீங்க அக்கா) என்று சிரித்தார். பலூன் காலியானால் தள்ளுவதற்கு எதுவும் இல்லை, தானாக நின்றுவிடும்.

அடுத்தது நாள் கணக்கு. திங்கள் மாலை 4 மணிக்கு மாட்டினால் புதன் மதியம் 2 மணிக்குக் கழற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை மாட்டினால் ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்கும். அந்தப் பக்கம் ஹர்த்தால் என்றால் பஸ் எல்லையில் களியக்காவிளையோடு சரி. போர்ட் ஊசி எடுக்கவும் போர்ட்டைக் கழுவிவிடவும் எல்லா நர்ஸுக்கும் தெரியாது. தெரிந்தவர் நம் பக்கம் எங்கே இருக்கிறார் என்று மாட்டும் முன்பே விசாரித்து வையுங்கள்.

மருந்து முடிந்து 48 மணி நேரம் வரை கழிவறையில் மூடியைப் போட்டு 2 முறை ஃபிளஷ் செய்யுங்கள். வாந்தித் துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவையுங்கள். கர்ப்பிணிகள் அதைத் தொட வேண்டாம். பாட்டில் கசிந்தால் கிளாம்பை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், குப்பைக் கூடைக்கு அல்ல. காய்ச்சல் 100.4 தொட்டால் பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். நான் எழுதியதில் மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, இது மறக்கக் கூடாது.

கடைசித் தவறு முழுக்க என்னுடையது. டியூப் இழுபட்டுவிடும் என்று 2 ராத்திரியும் அதைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அடிக்கடி அவர் சட்டையை விலக்கிப் பார்த்தேன். “பாட்டில் எனக்குத்தானே மாட்டியிருக்கு, நீ உறங்கு” என்றார், கொஞ்சம் எரிச்சலாகவே. மூன்றாவது கீமோவிலிருந்து டியூபைச் சுருட்டிப் பனியனில் ஊக்கு குத்துவது அவர் வேலை. போர்ட் வலப்பக்கம் இருப்பதால் நான் கட்டிலில் இடப்பக்கம் மாறிப் படுத்துக்கொண்டேன்.