சிக்காமல் சுடும் .22 ரைஃபிள்: வாங்கும் முன் எங்கே கண் வைக்க வேண்டும்

அமெரிக்காவில் முதல் துப்பாக்கியாகப் பலர் வாங்குவது .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) என்னும் சிறு தோட்டாவைச் சுடும் அரைத் தானியங்கி ரைஃபிள்தான்; டிரிகரை ஒருமுறை இழுத்தால் ஒன்றைச் சுட்டு அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். சத்தம் குறைவு, உதைப்பு கிட்டத்தட்ட இல்லை, தோட்டா மலிவு. கூடவே வரும் புகார் ஒன்று உண்டு: "சிக்குது." பாதி நேரம் அந்தக் குற்றம் துப்பாக்கியுடையது அல்ல, தோட்டாவுடையது. அதனால் ரைஃபிளைப் பார்க்கும் முன் தோட்டாவைப் புரிந்துகொள்வது நல்லது.

.22 எல்ஆர் 1887-இல் வந்த வடிவமைப்பு. ஈயக் குண்டின் அகலமும் பித்தளைக் கூட்டின் அகலமும் ஏறக்குறைய ஒன்றே. குண்டின் அடிப்பகுதியை மட்டும் மெலிதாக்கிக் கூட்டுக்குள் செருகியிருப்பார்கள். மேலே மெழுகு போன்ற பூச்சு. தீப்பொறி கிளப்பும் மருந்து அடித்தட்டின் நடுவில் இல்லை, விளிம்பின் உள்மடிப்பில் இருக்கிறது. ஈரமாக வைத்துச் சுழற்றி அந்த மடிப்புக்குள் பரப்புவார்கள். எங்காவது ஒரு பக்கம் மருந்து போய்ச் சேராவிட்டால், ஃபயரிங் பின் (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி) அந்த இடத்தில் அடிக்கும்போது தோட்டா வெடிக்காது. மென்மையான ஈயம், மெழுகு, மருந்துப் புகைக்கரி மூன்றும் சேர்ந்து சேம்பரிலும் (தோட்டா உட்காரும் அறை) போல்ட் முகத்திலும் (அந்த அறையைப் பின்னாலிருந்து மூடும் கட்டை) பசை போலப் படியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரைஃபிளானாலும் இதிலிருந்து தப்பாது.

இந்த வகை ரைஃபிள்கள் அநேகமாக எல்லாமே புளோபேக் முறையில் இயங்குபவை. போல்ட்டைப் பூட்டிவைக்க எதுவும் கிடையாது. அதன் எடையும் ஸ்பிரிங்கின் அழுத்தமும் மட்டுமே கூட்டைப் பிடித்து நிறுத்துகின்றன. வெடிப்பின் அழுத்தம் காலிக் கூட்டைப் பின்னால் தள்ள, கூடு போல்ட்டைத் தள்ளுகிறது. தள்ளும் விசை குறைந்தால் போல்ட் முழுதாகப் பின்னே போகாது; காலிக் கூடு வெளியேறும் வாயிலிலேயே புகைப்போக்கி மாதிரி செங்குத்தாக நின்றுவிடும். எனவே வேகம் முக்கியம். 40 கிரெய்ன் எடையுள்ள குண்டை நொடிக்கு சுமார் 1,200 முதல் 1,250 அடி வேகத்தில் அனுப்பும் 'ஹை வெலாசிட்டி' தோட்டாக்களையே பெரும்பாலான ரைஃபிள்கள் விரும்பும். சிசிஐ நிறுவனத்தின் மினி-மேக் 1,235 அடி. 1,070 அடி வேகமுள்ள ஸ்டாண்டர்ட் வகை சில துப்பாக்கிகளில் ஓடும், சிலவற்றில் ஓடாது. 710 அடி மட்டுமே போகும் சிசிஐ கொயட்-22 போன்றவற்றை ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத்தான் சுட வேண்டும். அதே நிறுவனத்தின் அதிவேக ஸ்டிங்கர் தோட்டா இதற்கு நேர் எதிர்: அதன் கூடு வழக்கத்தைவிட நீளம். போட்டிக்கென்று இறுக்கமாகக் குடைந்த சேம்பரில் அதைப் போடக் கூடாது.

அடுத்தது மேகசின், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டி. விளிம்புள்ள தோட்டாவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். ரூகர் 10/22-இன் பெயர் 1964-இலிருந்து நிலைத்து நிற்பதற்குப் பெரிய காரணம் இந்தச் சிக்கலை அது தாண்டிய விதம்தான். அதன் 10 தோட்டா மேகசினுக்குள் ஒரு சுழலி இருக்கிறது. ஒவ்வொரு தோட்டாவும் தனிப் பள்ளத்தில் உட்காருவதால் விளிம்புகள் ஒன்றோடொன்று உரசுவதே இல்லை. வாய்ப்பகுதி எஃகு. துப்பாக்கியின் அடிப்பகுதியோடு சமமாக உட்கார்ந்துவிடும். 25 தோட்டா பிடிக்கும் வளைந்த மேகசின்களும் கிடைக்கின்றன. ஆனால் புதிதாக வாங்குபவர் 10 தோட்டா மேகசினில் மூன்றோ நான்கோ எடுத்துக்கொள்வதே மேல். ஒவ்வொன்றிலும் அடையாள எண் எழுதி வையுங்கள். சிக்கல் ஒரே எண்ணில் திரும்பத் திரும்ப வந்தால் பழி யார் மேல் என்று உடனே தெரிந்துவிடும்.

முதல் ரைஃபிளுக்கு 10/22-ஐத்தான் சொல்வோம். அதைவிடத் துல்லியமாகச் சுடுபவை இருக்கின்றன. ஆனாலும் பாகம் எங்கும் கிடைக்கும், பழுது எதுவானாலும் யாரோ ஒருவர் ஏற்கெனவே சரிசெய்திருப்பார். பேரல் (குழல்) இரண்டு திருகுகளால் மட்டுமே பிடித்திருப்பதால் வீட்டிலேயே மாற்றலாம். சாதாரண கார்பைன் (குட்டை ரைஃபிள்) மாடல் சுமார் 5 பவுண்டு எடை, பேரல் 18.5 அங்குலம். குறையும் உண்டு: கடைசித் தோட்டா சுட்ட பிறகு போல்ட் திறந்து நிற்காது. காலி என்று தெரியாமல் 'டிக்' என்ற சத்தம் கேட்பதுதான் அறிகுறி. ரிசீவரின் (போல்ட் ஓடும் உடற்பகுதி) பின்புறம் மூடியே இருக்கும் மாடல்களில் பேரலைப் பின்னாலிருந்து கம்பி விட்டுத் துடைக்கவும் வழியில்லை.

சேவேஜ் ஏ22-இலும் 10 தோட்டாச் சுழல் மேகசின்தான். ஏஆர்-15 பாணி ரைஃபிளில் பழகியவர்கள் ஸ்மித் & வெஸ்ஸன் எம்&பி15-22 பக்கம் போவார்கள். அதன் 25 தோட்டா மேகசினில் ஸ்பிரிங்கைக் கீழே இழுத்துப் பிடிக்க ஒரு பொத்தான் உண்டு. அதை முழுக்க இழுத்துவைத்துத் தோட்டாக்களை மொத்தமாகக் கொட்டினால் அவை குறுக்கே விழுந்து அடுக்கு குலையும். ஒரு தோட்டாவுக்கு வேண்டிய அளவு மட்டும் பொத்தானை இறக்குங்கள். பிரித்து முதுகுப்பையில் வைக்கும் ஹென்றி ஏஆர்-7 எடை குறைந்தது, நடைபயணத்துக்கு வசதி; ஆனால் வேகமான தோட்டாவையே கேட்கும். தினமும் நூறு சுடுவதற்கு அது ஏற்றதல்ல. .17 எச்எம்ஆர் தோட்டாவில் அரைத் தானியங்கி வேண்டுமென்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. அதன் அழுத்தம் எளிய புளோபேக்குக்கு அதிகம். சேவேஜ் ஏ17 போல, போல்ட்டைச் சற்றுத் தாமதப்படுத்தித் திறக்கும் அமைப்பு உள்ளதை மட்டுமே பாருங்கள்.

பணம் எடுத்துவைக்கும் முன் சட்டம். கடையில் வாங்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும். வாங்குபவர் நிரப்ப வேண்டிய கூட்டாட்சிப் படிவம் 4473, பின்னணிச் சோதனை உண்டு. நம்மவர்கள் பலர் தவறவிடுவது விசா விஷயத்தை. எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற ஒருசில விதிவிலக்குகளே உண்டு. சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் சேரும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் மேகசின் அளவு, பிடியின் வடிவம், வயது ஆகியவற்றில் விதி மாறும். நியூயார்க்கில் அரைத் தானியங்கி ரைஃபிளுக்குத் தனி அனுமதி வேண்டும். ஆஸ்திரேலியாவில் இந்த வகை 'சி' பிரிவில் வருகிறது. விவசாயிகள் போன்ற சிலருக்கு மட்டுமே கிடைக்கும்.

கடையில் கையில் எடுத்ததும் மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னே இழுத்துப் பூட்டி, சேம்பருக்குள் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பாருங்கள். காலி என்று உறுதியான பிறகு ஒரு சின்ன டார்ச் வெளிச்சத்தில் சேம்பர் வாயின் விளிம்பைச் சுற்றிலும் நோக்குங்கள். காலியாகவே டிரிகரைத் தட்டித் தட்டிப் பழகிய துப்பாக்கிகளில் ஃபயரிங் பின் வந்து மோதும் இடத்தில் ஒரு குழி விழுந்திருக்கும். அந்தக் குழியின் உதடு சேம்பருக்குள் துருத்தி நிற்கும். தோட்டா பாதி போய் முரண்டு பிடிப்பதற்கும், காலிக் கூடு வெளியே வர மறுப்பதற்கும் இந்தக் கடுகளவு பிசிறு போதும். ஒரு துப்பாக்கி மெக்கானிக் அதற்கான கருவியால் சில நிமிடங்களில் அமுக்கிச் சரிசெய்வார். விலை பேச உங்களுக்கு ஒரு பிடி கிடைத்ததாக வைத்துக்கொள்ளலாம். அதே வெளிச்சத்தில், காலிக் கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் நுனியையும் பாருங்கள். கூர்மையாக, விரலால் அசைத்தால் ஸ்பிரிங் எதிர்ப்போடு திரும்பி வர வேண்டும். மழுங்கி உருண்டிருந்தால் மாற்ற வேண்டும்; விலை அதிகமில்லாத பாகம்தான்.

பழைய மார்லின் மாடல் 60 கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். 1960-இல் தொடங்கி ஒரு கோடிக்கும் மேல் தயாரான ரைஃபிள் அது. பேரலுக்குக் கீழே குழாய் மேகசின். பார்க்க வேண்டியவை மூன்று. குழாயில் நசுங்கல் இருக்கக் கூடாது, உள்குழாய் தடையில்லாமல் ஏறி இறங்க வேண்டும். ரிசீவரின் பின்பகுதியில் போல்ட் வந்து மோதும் பிளாஸ்டிக் பஃபர் மஞ்சளித்து நொறுங்கியிருந்தால் அதன் துண்டுகள் உள்ளே விழுந்து இயக்கத்தைத் தடுக்கும். பழைய துப்பாக்கியில் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுவதே சரி. தோட்டாவைச் சேம்பருக்கு ஏற்றிவிடும் வழியில் தேய்மானம் இருந்தால்தான் செலவு கூடும். குழாயில் தோட்டா நிரப்பும்போது கை பேரல் முனைக்கு அருகிலேயே இருக்கும் என்பதையும், உள்குழாயை உருவிவிட்டாலும் ஒரு தோட்டா உள்ளே தங்கியிருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

வாங்கியாயிற்று. முதலில் தொழிற்சாலை எண்ணெயைத் துடைத்தெடுங்கள்; அது பாதுகாப்புக்குப் பூசியது, ஓட்டத்துக்கு அல்ல. பிறகு மூன்று வகை ஹை வெலாசிட்டி தோட்டா, ஒவ்வொன்றிலும் 100. முதல் 50-இல் வரும் சிக்கலைப் பெரிதுபடுத்த வேண்டாம். அதற்குப் பின் ஒவ்வொரு சிக்கலுக்கும் எந்தத் தோட்டா, எந்த மேகசின், எத்தனையாவது சுடல் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வகைத் தோட்டாவில் மட்டும் சிக்கினால் அந்த வகையை விட்டுவிடுங்கள். மூன்றிலும் ஒரே மாதிரி சிக்கினால்தான் துப்பாக்கியைச் சந்தேகிக்க வேண்டும்.

வெடிக்காத தோட்டா நிறையச் சொல்லும். டிரிகர் இழுத்தும் சத்தம் வரவில்லையென்றால் துப்பாக்கியைக் குறிப்பலகை நோக்கியே 30 நொடி பிடித்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு. பிறகு எடுத்து விளிம்பில் விழுந்த தடத்தைப் பாருங்கள். தடம் ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லையென்றால் அங்கே மருந்து இல்லை, தோட்டாவின் பிழை. தடம் மேலோட்டமாக இருந்தால் ஃபயரிங் பின் அழுக்கடைந்திருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இல்லை கரி சேர்ந்து போல்ட் முழுதாக மூடாமல் நின்றிருக்கும். சத்தம் வழக்கத்தைவிட மொண்ணையாக 'புஸ்' என்று வந்தால் அத்தோடு நிறுத்துங்கள். குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்று சுட்டால் பேரல் வீங்கவோ பிளக்கவோ கூடும்.

சுத்தம் செய்வதில் பேரலைவிடச் சேம்பரும் போல்ட் முகமும்தான் முக்கியம். 200, 300 தோட்டாவுக்கு ஒருமுறை நைலான் பிரஷ்ஷால் சேம்பரைச் சுழற்றித் தேய்த்து, எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்குக் கீழே பல்குச்சியால் கரியைச் சுரண்டி எடுத்தாலே பாதிச் சிக்கல் போய்விடும். பேரலுக்குக் கயிறு மாதிரி இழுக்கும் துப்புரவு நாடாவை ரிசீவர் பக்கமிருந்து விட்டு முனைவழி இழுங்கள். எஃகுக் கம்பியை முனையிலிருந்து செருகினால் முனை விளிம்பு தேய்ந்து குறி கெடும். எண்ணெய் இரண்டு சொட்டு போதும், போல்ட் உரசும் இடத்தில் மட்டும். மேகசினுக்குள் எண்ணெய் விடவே வேண்டாம். மெழுகும் கரியும் அதில் குழைந்து சுழலியை அசையவிடாது, குளிர்காலத்தில் இன்னும் மோசம்.

காலியாக டிரிகர் பழக வேண்டுமா? ஹார்டுவேர் கடையில் திருகு பதிக்க விற்கும் மஞ்சள் நிற பிளாஸ்டிக் ஆங்கர்களில் 4-6-8 எண் அளவு .22 சேம்பரில் சரியாக உட்காரும். ஃபயரிங் பின் பிளாஸ்டிக்கில் அடிக்கும், சேம்பர் விளிம்பு பிழைக்கும். நான்கைந்து அடிக்கு ஒருமுறை ஆங்கரைச் சற்றுத் திருப்பிவிட்டு, விளிம்பு நைந்ததும் தூக்கிப் போடுங்கள்.