செப்டிக் டேங்க் செய்யும் வேலையும் அதன் கசடை அளக்கும் முறையும்

செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டதா என்று பார்க்க மூடியைத் திறப்பவர்கள், வெளியேறும் குழாய் வரை நீர் நிற்பதைக் கண்டு பதறுகிறார்கள். அது எப்போதும் அந்த மட்டத்தில்தான் நிற்கும். வீட்டிலிருந்து எவ்வளவு நீர் வருகிறதோ, அவ்வளவு நீர் மறுமுனையில் வெளியேறிக்கொண்டே இருக்கும். கவனிக்க வேண்டியது நீரை அல்ல, கசடை.

உள்ளே வந்த கழிவுநீர் குறைந்தது ஒரு நாளாவது தங்கும் அளவுக்குத் தொட்டியில் இடம் இருக்க வேண்டும். அவ்வாறு தங்கும்போது கனமானவை அடியில் கசடாகப் படிகின்றன, எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாகத் திரள்கின்றன, நடுவில் ஓரளவு தெளிந்த நீர் நிற்கிறது. இரு குழாய் முனைகளிலும் ‘டி’ வடிவத் துண்டு பொருத்துவது, வரும் நீர் ஏட்டைக் கலைக்காமல் இறங்கவும், போகும் நீர் நடு அடுக்கிலிருந்து மட்டுமே செல்லவும்தான். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் கசடில் ஒரு பகுதியைச் செரித்து மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வாயுக்களாக்குகின்றன. செரிக்காத மிச்சம் ஆண்டுக்கு ஆண்டு உயர்கிறது.

தொட்டி பாதி வேலையைத்தான் செய்கிறது. வெளியேறும் நீர் தெளிவாகத் தெரிந்தாலும் அதில் நோய்க்கிருமிகள் இருப்பதால் அதைத் திறந்த சாக்கடையில் விடக் கூடாது, நீரை மண்ணில் ஊறவிடும் உறிஞ்சுகுழிக்குத்தான் விட வேண்டும். குழியைச் சுற்றியுள்ள மண்ணில் அந்த நீர் மெல்ல ஊறும்போது, மண் துகள்கள் கிருமிகளைப் பிடித்துவைக்கின்றன. காற்றோட்டத்தில் வாழும் வேறு நுண்ணுயிரிகள் எஞ்சிய அழுக்கைச் சிதைக்கின்றன. கசடு தொட்டியைத் தாண்டிவிட்டால் மண்ணின் நுண்துளைகள் அடைபட்டு, குழி நீரை உறிஞ்சாமல் போகும். பிறகு புதுக் குழிதான் வெட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். தொட்டியின் ஆழத்தைவிட நீளமான கம்பு ஒன்றின் அடிப்பகுதியில் வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, வெளியேறும் குழாய்ப் பக்கத்து மூடி வழியாக, ஏட்டை விலக்கி, அடித்தளத்தைத் தொடும்வரை இறக்கவும். சில நிமிடங்கள் அசைக்காமல் வைத்திருந்து மெதுவாகத் தூக்கினால், துண்டில் கருமை ஏறிய உயரமே கசடின் உயரம். கசடும் ஏடும் சேர்ந்து நீரின் மொத்த ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால், வண்டி வைத்து உறிஞ்சி எடுக்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

அளக்கும்போது மூடியின் மேல் குனியாதீர்கள். தீக்குச்சியோ சிகரெட்டோ அருகில் வேண்டாம். காலியாக்கிய தொட்டிக்குள்ளும் நச்சு வாயு தங்கியிருக்கும். எவரும் எக்காரணம் கொண்டும் உள்ளே இறங்கக் கூடாது, எவரையும் இறக்கவும் கூடாது.

சமையல் எண்ணெய், ஈரத்துடைப்பான், நாப்கின் ஆகியவற்றைக் குழாயில் விடாதீர்கள். மழைநீரையும் தொட்டியில் இணைக்காதீர்கள், அந்த வேகம் படிந்த கசடைக் கிளறிவிடும். பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டினால் செரிக்கும் உயிரிகளே மடியும். கடையில் விற்கும் பாக்டீரியா பொடி தேவையில்லை என்பதே என் கருத்து, ஏனெனில் வேண்டிய நுண்ணுயிரிகள் மலத்துடனேயே வந்துசேர்கின்றன.

அளந்த தேதியையும் கசடின் உயரத்தையும் எழுதிவையுங்கள். இரண்டு மூன்று அளவுகள் சேர்ந்ததும், உங்கள் தொட்டியை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை காலியாக்க வேண்டும் என்பது அந்தக் குறிப்பிலேயே தெரிந்துவிடும்.