‘ஆ’ காட்டு, கண்ணு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டு வாசலுக்கு மாலை நேரத்தில் யாராவது ஒரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பள்ளிப் பல் தாதி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் நான் இன்னும் ‘பல் டீச்சர்’தான். வருகிறவர்களில் பாதிப்பேர் சொல்வது ஒன்றே: “பால்பல்தானே அக்கா, விழுந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.” பிள்ளையை மடியில் சாய்த்து, கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தால், சொத்தை பிடித்திருப்பது பால்பல்லாக இருக்காது.

ஆறு வயதை ஒட்டி ஒரு கடைவாய்ப்பல் முளைக்கிறது. அதற்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால், சத்தமில்லாமல், மேலும் கீழும் இரு பக்கமும் ஆக நான்கு வரும். முன்பல் ஆடினால் ஊருக்கே சொல்கிற பிள்ளை இதைப் பற்றி மூச்சு விடாது. கண்டுபிடிப்பது எளிது. முன்பக்க நடுப்பல்லிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒரு பக்கத்துக்குப் பால்பற்கள் ஐந்துதான். ஆறாவதாக ஒன்று இருந்தால் அது இனி ஆயுளுக்கும் அந்தப் பிள்ளைக்கு இருக்க வேண்டிய பல்.

முளைக்கும் மாதங்களில் அது பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்து நிற்கும். பிரஷ்ஷை முன்னும் பின்னும் இழுத்தால் அதன் தலைக்கு மேலேயே போய்விடும். எனவே பிரஷ்ஷைக் கன்னத்துப் பக்கமிருந்து குறுக்கே நுழைத்து, அந்த ஒரு பல்லை மட்டும் தனியாகத் தேய்க்க வேண்டும். எட்டு வயதுவரை இதைப் பெற்றோர்தான் செய்ய வேண்டும். பிள்ளை தானே தேய்ப்பது தேய்ப்பாகாது. பல்லின் மேல்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருந்தால், பள்ளிக்கு வரும் பல் தாதியிடம் அவற்றை அடைத்துவிடச் சொல்லிக் கேளுங்கள். ஊசி இல்லை, குடைவது இல்லை, சில நிமிட வேலை.

இதில் எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1968இல், எனக்கு ஒன்பது வயது. கீழ்த்தாடை இடப்பக்கத்து ஆறு வயதுப் பல்லைத் தோட்டத்து டிரஸர், அதாவது மருந்தக உதவியாளர், மருந்தகத்துப் பலகையில் உட்காரவைத்துப் பிடுங்கிப் போட்டார். வலி போனது. பின்னால் முளைத்த பல் அந்த இடைவெளியில் சாய்ந்தது. மேற்பல் எதிர்ப்பல் இல்லாமல் கீழே இறங்கியது. அன்றிலிருந்து வலப்பக்கம்தான் மென்று கொண்டிருக்கிறேன். பினாங்கில் தாதிப் பயிற்சிக்குப் போய்ப் படித்தபோதுதான் அவர் பிடுங்கியது எதை என்றே எனக்குத் தெரிந்தது.

பிடுங்கவே கூடாதா என்றால், பால்பல்லைக்கூட அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள் என்பேன். பால் கடைவாய்ப்பற்கள் இடம் பிடித்து வைத்திருப்பவை. அவற்றை ஏழு வயதில் எடுத்துவிட்டால் ஆறு வயதுப் பல் முன்னால் நகர்ந்துவிடும். பதினொன்று, பன்னிரண்டு வயதில் தாமதமாக வரும் மேல் கோரைப்பல்லுக்கு இடம் இருக்காது. அது ஈறின் மேலே ஏறி நிற்கும். அதைச் சிங்கப்பல், அழகு என்கிறார்கள். எனக்கென்னவோ அதில் இடநெருக்கடிதான் தெரிகிறது.

கைக்குழந்தைக்கு வருகிறேன். எங்கள் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் இனிப்புப் பால் டின்னைக் கரைத்துப் புட்டியில் ஊற்றி வாயில் வைத்தால் பிள்ளை தூங்கிவிடும். இப்போது புட்டியில் மைலோ. தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும்; இனிப்பு இரவெல்லாம் பல்லிலேயே தங்கும். படுக்கையில் புட்டி வேண்டுமென்றால் வெறும் தண்ணீர் கொடுங்கள். முதல் பல் முளைத்த நாளிலிருந்து புளோரைடு பற்பசை போடுங்கள். மூன்று வயதுவரை அரிசி மணி அளவு, பிறகு பட்டாணி அளவு. துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். மாதம் ஒருமுறை மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போல் வெள்ளை தெரிந்தால் அதுதான் சொத்தையின் தொடக்கம். அந்த நிலையில் திருப்பிவிடலாம். பழுப்பு நிறமாகிவிட்டால் நேரே கிளினிக் பெர்கிகியான், அதாவது அரசாங்கப் பல் கிளினிக். பதிவுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்).

பல் கம்பியைப் பற்றித்தான் இப்போது அதிகம் கேட்கிறார்கள். ஏழு வயதில் ஒருமுறை காட்டிவிடுங்கள். கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு வெளியே கடித்தால் அப்போதே கவனிக்க வேண்டியிருக்கும். விரல் சூப்புவது நான்கு வயதுக்குள் நின்றுவிட்டால் பெரும்பாலும் கவலையில்லை. மற்றபடி பால்பற்கள் விழுந்து முடியும் பதினொன்று முதல் பதின்மூன்று வயதில்தான் கம்பி வேலை பெரும்பாலும் தொடங்கும். ஒன்றரை, இரண்டு ஆண்டு பிடிக்கும். அரசாங்கத்தில் போட வேண்டுமானால் உள்ளூர்க் கிளினிக்கில் கடிதம் வாங்கிச் சிறப்பு மருத்துவரிடம் போக வேண்டும். காத்திருப்போர் வரிசை நீளம். ஆகவே தொடக்கப்பள்ளி ஆறாம் ஆண்டிலேயே கேளுங்கள். பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்தில் வந்து அழுதால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. பல் அழுக்காக இருந்தால் கம்பி போடமாட்டார்கள் என்பதையும் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கம்பி கழன்ற பிறகுதான் மறுபாதி வேலை. பற்கள் பழைய இடத்துக்கே ஓடப் பார்க்கும். அவற்றைப் பிடித்து வைப்பது ரிட்டெய்னர். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் அதைக் கழற்றித் துடைதாளில் சுற்றி வைத்து, நாசி லெமாக் பொட்டலத்தோடு குப்பையில் போட்டுவிட்டு வந்தவர்களை நான் எண்ணி முடியாது. அதற்கென்று டப்பா வையுங்கள். சுடுதண்ணீரில் கழுவினால் வளைந்துவிடும்.

வீட்டுக்கே வந்து சில நூறு வெள்ளிக்கு ‘பேஷன் கம்பி’ ஒட்டுகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். பதிவு பெறாதவர் பல்லில் கை வைத்தால், 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி 300,000 ரிங்கிட் வரை அபராதம், 6 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் அவரைப் பிடிக்கும். ஆடிப்போன பல்லைப் பிடிக்காது.

திடலில் பந்து பட்டு நிலைப்பல் தெறித்து விழுந்தால், வேரைத் தொடாமல் வெள்ளைப் பக்கத்தைப் பிடித்து எடுங்கள். முடிந்தால் அதே குழியில் பொருத்துங்கள். இல்லையென்றால் பாலில் போட்டு அரைமணி நேரத்துக்குள் கிளினிக்கில் நில்லுங்கள். பசும்பால், டின் பால் அல்ல. விழுந்தது பால்பல்லானால் திரும்பப் பொருத்தக் கூடாது.

பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியது குறைவு, கேட்பதும் குறைவு. பல்வலிக்கு ஆஸ்பிரினைப் பல்லோரம் வைத்து அடக்காதீர்கள், ஈறு வெந்துவிடும். கர்ப்பிணிக்கு ஈறில் இரத்தம் வந்தால் தேய்ப்பதை நிறுத்தக் கூடாது, மென்மையாகத் தொடர வேண்டும். வாந்தி எடுத்தால் உடனே தேய்க்காமல் வாய் கொப்பளியுங்கள். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு ஈறு கெட்டால் சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். பொய்ப்பல் வைத்திருப்பவர்கள் அடியில் தண்ணீர்ப் பாத்திரம் வைத்துக் கழுவினால் கை தவறினாலும் உடையாது. இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள்.

வெற்றிலை போடும் பாட்டிமாரை மட்டும் நான் விடுவதில்லை. புகையிலை சேர்க்கவில்லை என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004இல் வெளியிட்ட அறிக்கை பாக்கையே புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்திவிட்டது. விளக்கை அடித்துக் கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரங்களையும் பாருங்கள். துடைத்தால் போகாத வெள்ளை, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால் உடனே கிளினிக். பிறகு, அவருடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் நுழைக்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டால் பாக்குப் பழக்கத்தால் கன்னத்தின் உட்சதை இறுகியிருக்கலாம்.

சென்ற மாதம் என் சின்னம்மாவை அப்படிச் சோதித்தேன். எழுபத்தெட்டு வயது, ஐம்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். இரண்டு விரல்தான் போனது. “மூன்றாவது விரல் எதற்கடி, சோறு இரண்டு விரலிலேயே போகிறது” என்று சிரித்தார். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அவரைக் கிளினிக் வரிசையில் உட்காரவைத்தேன். வெற்றிலைப் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வர மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.