போர்க்கப்பலில் உறவினரோடு போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

அமெரிக்கக் கடற்படையில் ‘டைகர் குரூஸ்’ என்று ஒரு வழக்கம் உண்டு. மாதக்கணக்கில் கடலில் இருந்த கப்பல் ஊர் திரும்பும் கடைசிக் கட்டத்தில் மாலுமிகளின் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள், நண்பர்கள் ஏறிக்கொள்ளலாம். பசிபிக் பக்கம் என்றால் பெரும்பாலும் பேர்ல் ஹார்பரில் ஏறி சான் டியேகோவில் இறங்குவார்கள். கணவன், மனைவிக்கு வழக்கமாக இதில் இடம் கிடையாது, அவர்களுக்கு ஒரு நாள் குடும்பப் பயணங்கள் தனியாக நடக்கும். எதில் போனாலும் ஒன்றை மறக்காதீர்கள். நீங்கள் தவறு செய்தால் மேலதிகாரி முன் பதில் சொல்லப்போவது உங்களை அழைத்துவந்த மாலுமிதான்.

முதல் தவறு, இதைச் சுற்றுலா என்று நினைப்பது. அமெரிக்கா மீது பயங்கரவாதத் தாக்குதல் நடந்த 2001 செப்டம்பர் 11 அன்று ‘கான்ஸ்டலேஷன்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் இப்படித்தான் குடும்பத்தினரை ஏற்றிக்கொண்டு சான் டியேகோ நோக்கி வந்துகொண்டிருந்தது. விருந்தினர் இருந்தாலும் அது போர்க்கப்பல்தான், எந்த நிமிடமும் உஷார் நிலைக்குப் போகலாம். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். எங்கே கூட வேண்டும் என்று முதல் நாள் காட்டுவார்கள், அந்த இடத்துக்கு ஒருமுறை நீங்களே தனியாக நடந்து பார்த்துவிடுங்கள்.

தனியாக நடப்பது சுலபமில்லைதான், எல்லாத் தாழ்வாரமும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் சுவர்களில் 2-120-3-L என்பது போல எழுதியிருப்பதைக் கவனியுங்கள். முதல் எண் தளம். இரண்டாவது, கப்பல் உடலைத் தாங்கும் விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்களை மூக்கிலிருந்து எண்ணி வரும் வரிசை எண், பின்னால் போகப்போகக் கூடும். மூன்றாவது ஒற்றைப்படை என்றால் வலப்பக்கம், இரட்டைப்படை என்றால் இடப்பக்கம். கடைசி எழுத்து அந்த அறை எதற்கு என்பது, L என்றால் தங்குமிடம். இது புரிந்துவிட்டால் வேலையில் இருப்பவர்களை நிறுத்தி வழி கேட்க வேண்டியிருக்காது.

அப்புறம் உடையும் பையும். கப்பலில் படிக்கட்டு என்று இருப்பது கிட்டத்தட்ட செங்குத்தான இரும்பு ஏணி. ஏறும்போதும் இறங்கும்போதும் ஏணியைப் பார்த்தபடி, கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். சக்கரம் வைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு அது நடக்காது, தோளில் மாட்டும் துணிப்பை கொண்டுபோங்கள். கால் விரல்களை மூடிய தட்டையான ஷூ, பேன்ட், அவ்வளவுதான். ஒவ்வொரு கதவிலும் முழங்கால் உயரத்துக்கு வாசற்படி இருக்கும், செருப்புப் போட்டவர்கள் முதல் நாளே இடித்துக்கொள்வார்கள்.

தங்குமிடத்தில் நடக்கும் தவறுகள்தான் மாலுமிகளை அதிகம் வருத்துகின்றன என்பது என் எண்ணம். மூன்றடுக்குப் படுக்கை, மறைப்புக்கு ஒரு திரை, அவ்வளவுதான் ஒருவருக்கான இடம். இரவெல்லாம் காவல் பார்த்தவர் பகலில் அங்கே தூங்கிக்கொண்டிருப்பார், அதனால் அங்கே எந்த நேரமும் யாருக்கோ நடுராத்திரிதான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கும் போன் அலாரம், வெள்ளை டார்ச், திரைக்கு அந்தப் பக்கம் ஆள் இருப்பதை மறந்து பேசும் பேச்சு எல்லாம் வேண்டாம். குளியலுக்கும் முறை உண்டு: உடலை நனை, குழாயை மூடு, சோப்புப் போடு, திரும்பத் திற.

படகிலோ காரிலோ குமட்டல் வரும் ஆள் என்றால் கப்பல் கிளம்பும் முன்பே மாத்திரை போட்டுவிடுங்கள், வாந்தி தொடங்கிய பிறகு உள்ளே போனது வயிற்றில் தங்காது. தினசரி மருந்துகளைக் கூடுதல் நாட்களுக்கும் சேர்த்து, மருந்துக்கடை லேபிளோடு எடுத்துவையுங்கள். விமானந்தாங்கிக் கப்பலில் மருத்துவமனையே இருக்கும். டெஸ்ட்ராயர் போன்ற சிறிய கப்பலில் வழக்கமாக டாக்டரே கிடையாது, பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர்தான். மதுபானத்தை 1914லேயே கப்பல்களிலிருந்து எடுத்துவிட்டார்கள், வேப் என்னும் மின்சிகரெட்டுக்கு 2017லிருந்து தடை. ‘ஒன்றே ஒன்று’ என்று பையில் ஒளித்துவைக்காதீர்கள்.

போன் விஷயத்தில் ரொம்பக் கவனம். ‘ஞாயிறு காலை 9 மணிக்குத் துறைமுகம் வருகிறோம்’ என்று பாசத்தில் போடும் பதிவு, கப்பல் எங்கே எப்போது இருக்கும் என்று ஊருக்கே சொல்கிறது. மகனோடு எடுக்கும் செல்ஃபியில் பின்னால் ரேடார் திரையோ, எழுதிவைத்த பலகையோ தெரிகிறதா என்று பாருங்கள். அனுமதித்த இடம் எது என்று கேட்டபிறகே கேமராவை எடுங்கள்.

கப்பலை ஓட்டும் இடத்தில் கூட்டமாக நின்று கேள்வி கேட்பதும் ஆபத்துதான். 2001 பிப்ரவரியில் ஹவாய் அருகே ‘கிரீன்வில்’ நீர்மூழ்கி, ஜப்பானிய மீன்வளப் பள்ளிக் கப்பலான ‘எஹிமே மாரு’வை மோதி 9 பேர் இறந்தார்கள். நீர்மூழ்கியில் 16 பொதுமக்கள் விருந்தினராக இருந்தார்கள். அவர்களால் வேலை தடைபடாமல் கேப்டன் பார்த்துக்கொள்ளத் தவறியதும் ஒரு காரணம் என்றது விசாரணை. கப்பலில் விமானங்கள் ஏறி இறங்கும் மேல்தளத்தில் தொப்பி, துப்பட்டா, பையிலிருந்து விழும் பேனா எதுவும் இருக்கக் கூடாது, எஞ்சின் உறிஞ்சிவிடும். காதடைப்பைக் கழற்றாதீர்கள்.

திரும்பும் விமான டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள், கப்பல் அட்டவணை மாறும். கரை வந்ததும் பையோடு முண்டியடித்து இறங்க வேண்டாம். கடலில் இருந்தபோது குழந்தை பிறந்த அப்பாக்களைத்தான் பெரும்பாலும் முதலில் இறக்குவார்கள். உங்கள் முறை வரும்வரை சொன்ன இடத்திலேயே நில்லுங்கள்.