ஏறத்தான் திட்டம் போடுகிறோம்: மலைநாட்டு வான் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை விடுமுறை கிட்ட வந்தால் என் போன் ஓயாது. ஹட்டனிலிருந்து பதினெட்டு வருடமாக வான் ஓட்டுகிறேன். ஆகையால் சொந்த வாகனத்தில் வருகிறவர்களும் என்னிடம்தான் வழி கேட்பார்கள். போன வாரம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தம்பி பேசினார். புதிதாக வான் எடுத்திருக்கிறாராம்.

"அண்ணை, வெள்ளி இரவு வெளிக்கிட்டா சனி விடிய உலக முடிவு. பின்னேரம் இறங்கினா ஞாயிறு விடியக் காலமை வீட்ட நிப்பம். சரிதானே?"

சரியில்லை தம்பி. இதே கணக்கை நானும் ஒருகாலத்தில் போட்டவன்தான்.

கம்பளிச் சட்டை, குடை, வாந்தி மாத்திரை பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஹோர்ட்டன் சமவெளி வாசலில் காலை 6 மணிக்கு நிற்க வேண்டும், ஒன்பது பத்து மணியானால் மூடுபனி ஏறி, உலக முடிவு என்கிற அந்தச் செங்குத்துப் பாறை விளிம்பு வெறும் வெள்ளைச் சுவராகிவிடும் என்பதும் இப்போது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் செய்கிற தவறுகள்தான் எனக்கு எரிச்சல்.

மழை எந்தப் பக்கம் என்று பார்க்காமல் புறப்படுவது

மலைநாடு முழுவதற்கும் ஒரே காலநிலை கிடையாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், நுவரெலியா பக்கத்துச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாவுக்குள், அதாவது வெலிமடை, பண்டாரவளைப் பக்கம், வறண்டு இறங்கும். அதுதான் கச்சான் காற்று. ஆகஸ்டில் எங்கள் வீட்டில் துணி மூன்று நாளாகக் காயாது, பண்டாரவளையில் அரை நாளில் காய்ந்துவிடும். ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி மணம் வருவதும் அந்தக் காற்றில்தான். ஆகஸ்ட் விடுமுறைக்கு வருகிறவர்கள் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் தங்கி ஒஹிய வாசலால் ஏறுங்கள். மேலே பனி இருக்கலாம், ஆனால் பாதி வழியாவது காய்ந்த றோட்டு கிடைக்கும்.

சித்திரை மாதம் வேறு மாதிரி. காலையில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். பின்னேரம் இடியோடு கொட்டும். இந்தப் பின்னேர மழையை மறந்துவிடாதீர்கள்.

இறங்குவதற்குத் திட்டமே இல்லாமல் ஏறுவது

எத்தனை மணிக்கு எழும்புவது, எந்தக் கடையில் சாப்பாடு கட்டுவது, எந்த வளைவில் படம் எடுப்பது என்று ஏறுவதற்கு ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்திருப்பார்கள். இறங்குவதற்கு ஒரே வரிதான்: "பின்னேரம் ரிட்டன்."

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஒரு பழைய டொல்பின் வான். கிளிநொச்சியிலிருந்து வந்த அத்தை குடும்பம் பதினொரு பேர். நுவரெலியாவில் விடிய இரண்டரைக்கு எழும்பினேன். இருட்டில் 32 கிலோமீற்றர் ஓட்டி பட்டிப்பொல வழியாக வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வானிலேயே தூங்கியிருக்கலாம். "மருமகனே, நீயும் வா" என்று அத்தை கூப்பிட, 9 கிலோமீற்றர் சுற்றையும் நடந்தேன். டவுனுக்குத் திரும்பி வயிறு முட்டச் சோறு, பிறகு கிரகரி வாவியில் பிள்ளைகளுக்குப் படகு. லபுக்கலைப் பக்கம் இறங்கத் தொடங்கும்போது நாலு மணி, மழையும் பிடித்துக்கொண்டது.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். இறக்கம் முடிகிற கம்பளை 500 மீற்றர்கூட இல்லை. அறுபது கிலோமீற்றருக்குள் ஏறத்தாழ 1,400 மீற்றர் இறக்கம். நான் நாலாம் கியரில் விட்டு, காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினேன். தூக்கக் கண்ணோடு ஓட்டுகிறவன் கியர் மாற்றச் சோம்பல்படுவான், அவ்வளவுதான் காரணம். ரம்பொடைக்கு மேலே கருகிய நாற்றம் வந்தது. பின் சீட்டில் அத்தை "யாரோ குப்பை எரிக்கிறாங்க" என்றார். அடுத்த வளைவில் மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது.

இரண்டாம் கியர், ஒன்றாம் கியர், கைப்பிரேக் என்று ஒவ்வொன்றாகப் போட்டு, இடது சில்லைத் தோட்டத்துக் கானுக்குள் இறக்கி, மண் திட்டில் உரசி நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முன் சில்லிலிருந்து புகை வந்தது. தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு ஓடினேன். லயத்துப் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, தண்ணிய ஊத்திறாதீங்க, வெடிச்சிரும். நாலு சில்லுக்கும் கல்லு வச்சிட்டு ஆற விடுங்க." கொஞ்சம் கழித்து, "ஏத்தத்துல எந்த கியர்ல வந்தீங்களோ, அதே கியர்லதான் எறங்கணும். ஒங்களுக்கு லைசன் குடுத்தது யாரு?"

நடந்தது இதுதான். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறி லைனர் பிடிப்பை இழக்கும். பழைய பிரேக் ஓயிலில் ஈரம் ஏறியிருக்கும், அது கொதித்துக் குமிழி விடும். பிறகு நீங்கள் மிதிப்பது ஓயிலை இல்லை, காற்றை. எஞ்சினே வண்டியைப் பிடிக்க வேண்டும். பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிட வேண்டும், தடவிக்கொண்டே போகக்கூடாது. ஓட்டோ கியர் வண்டி என்றால் டி (D) நிலையில் விட்டுவிட்டு வராதீர்கள். எஞ்சினால் வண்டியைப் பிடிக்க எல், 2, பி என்று வண்டிக்கு வண்டி ஏதாவது ஒன்று இருக்கும், புறப்படுமுன் வீட்டு வாசலிலேயே அது என்னவென்று பார்த்து வையுங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர்களோடு நான் பேசுவதில்லை.

ஆனால் கியர் தெரிந்தவனும் பதினான்கு மணித்தியாலம் விழித்திருந்தால் மறந்துவிடுவான். அதனால் இதைத் திட்டத்திலேயே திருத்த வேண்டும். சமவெளிக்குப் போகிற நாளில் இறங்காதீர்கள். இரவு நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ தங்கி, மறுநாள் காலை, மழைக்கு முன்னே, இறங்குங்கள். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் இன்னும் 321 கிலோமீற்றர் கிடக்கிறது என்பதையும் கணக்கில் எடுங்கள். அறை வாடகை ஒரு நாள் கூடும்தான். எனக்கு அன்று லைனர், டிஸ்க், கண்டியிலிருந்து மெக்கானிக், பதினொரு பேருக்கு இன்னொரு வான் எல்லாம் சேர்த்து இரண்டு மாத உழைப்பு போனது.

உலக முடிவில் சுமார் 880 மீற்றர் பள்ளத்தைப் பார்த்துப் பிள்ளையின் கையை விடாமல் பிடிக்கிற அதே அப்பா, பின்னேரம் அதைவிடப் பெரிய பள்ளத்தை அரைத் தூக்கத்தில் பிள்ளையோடு இறங்குகிறார். வருடா வருடம் பார்க்கிறேன்.

வரைபடம் காட்டும் குறுக்கு வழி

ஒஹியவிலிருந்து உடவேரிய தோட்டம் வழியாகக் கலுபஹனைக்கு ஒரு கோடு தெரியும். அதற்கு டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ், பிசாசின் படிக்கட்டு, என்று பெயர். சும்மா வைக்கவில்லை.

டீசல்

கீழேயே நிரப்புங்கள். சமவெளியில் எரிபொருள் செட் இல்லை.

மரைக்குப் பாண் கொடுப்பது

கொடுக்காதீர்கள். வாசலில் பொலித்தீனைப் பிடுங்குவது உங்களைக் கஷ்டப்படுத்த இல்லை. பாண் பையையும் சேர்த்துத் தின்கிற மிருகம் அது.

ஒரே பயணத்தில் எல்லாம்

நேற்று அந்தத் தம்பி திரும்பவும் எடுத்தார். நான் சொன்னதை வீட்டில் பேசி ஒரு நாள் கூட்டியிருக்கிறாராம், நுவரெலியாவில் அறையும் போட்டாயிற்றாம். சந்தோஷமாக இருந்தது.

"அப்ப அண்ணை, அந்தக் கூடின இரவில சிவனொளிபாதமலையும் ஏறிடலாம்தானே?"